மச்சான் வழியாக ஒரு குடும்பம்

பல்செட்டுக்காரர் தம் மனைவியோடு ஒரு முக்கியமான விஷயத்தைக் கடைசியாக நேருக்கு நேர் பேசியது எப்போது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கல்யாணமான முதல் வருடம் என்பாள் மனைவி. அதற்கும் முன்னாலேயே பேச்சு நின்றுவிட்டது என்பான் குடும்ப சிநேகிதன் நெட்டை. பல்செட்டுக்காரரையே கேட்டால், "ஏன், பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பார். அதுவும் பொய்யில்லை. சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, விளக்கை அணைத்தாயா என்ற மட்டத்தில் அந்த வீட்டில் பேச்சு தங்குதடையில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மேற்பட்ட சங்கதிகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை நெட்டை வருவான்.

அவர் தொழில் செய்த இடம் பல் மருத்துவமனைகள் வரிசையாக இருந்த ஒரு தெருவின் பின்பக்கம். ஒரே ஜன்னல். உள்ளே எதைத் தொட்டாலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி. பல் போனவர்களின் ஈறுகள் அச்சு அச்சாக மேசைமேல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வோர் அச்சின்மேலும் மெழுகு வைத்து, அதில் பல் பதித்து, மேல் அச்சையும் கீழ் அச்சையும் நீலத்தாளைக் கடிக்க வைத்து நீலம் அதிகமாகப் படும் இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, ஊரில் இருந்த வயசாளிகளில் பாதிப்பேரைச் சிரிக்க வைத்த புண்ணியவான் அவர். வழியில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் திருப்பிச் சிரிக்க மாட்டார். மேல்வரிசை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார். கர்வம் பிடித்த மனிதர் என்று பெயர்.

இந்தத் தொழில் கண்தான் குடித்தனத்துக்கு உலை வைத்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். ஆசையாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். மேல்வரிசையில் இரண்டாவது பல் லேசாகத் திரும்பியிருக்கிறது, சொன்னால் சரிபண்ணிவிடலாம், தெரிந்த டாக்டர்தான் என்றார் அவர். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்கப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக வந்த நெட்டை, நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் அந்தப் பக்கம் ஒரு வார்த்தையுமாகக் கொண்டுபோய்க் கொடுத்து சமாதானம் பண்ணிவைத்தான். அந்த வைத்தியம் நன்றாகக் கேட்டது. கேட்ட வைத்தியத்தை யார் விடுவார்கள்? அப்படியே பழகிவிட்டது.

நெட்டை அவர் வேலை செய்த பட்டறைக்கு அச்சுப்பெட்டிகளைக் கொண்டுவருபவன். மருத்துவமனையில் எடுத்த அச்சை இங்கே கொண்டுவருவான், இங்கே செய்த பல்லை அங்கே கொண்டுபோவான். கதவு நிலையில் இடித்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டியவன், பெயர்க்காரணம் அதுதான். முதலில் அவன் பல்செட்டுக்காரருக்கு வெறும் சிநேகிதன். மனைவி அவனை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்கு அவருக்கு அவன் மச்சான் ஆகிப்போனான். சிநேகிதனாக இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் பெண்வீட்டுக் கட்சிக்குத் தாவிவிட்டான் என்று அவருக்கு ஒரு வருத்தம் கடைசிவரை உண்டு. அவனோ அவரை மாப்பிள்ளை என்றும் அவளைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு கட்சியிலும் சாப்பிட்டான்.

ஏற்பாடு இதுதான். வீட்டுக் கூடத்தில் மூன்று நாற்காலி. நடுநாற்காலி நெட்டைக்கு. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். கை நீட்டினால் எட்டிவிடும். "மச்சான், படுக்கையறைச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்னு கேளு" என்பார் அவர். "எனக்கென்ன, அவருக்குப் பிடிச்சதை அடிக்கச் சொல்லுங்கண்ணே" என்பாள் அவள். நெட்டை இரண்டையும் வாங்கி, சற்று நேரம் வாயில் போட்டு மென்று, தேநீரோடு விழுங்கிவிட்டு, பிறகு தனித்தனியாக ஏதோ சொல்வான். வெளிர்பச்சை என்று முடிவாகும். வீடு மாறியது, அவள் வேலைக்குப் போனது, பிள்ளை இல்லை என்றானபோது இனி வைத்தியம் வேண்டாம் என்று தீர்மானித்தது, எல்லாம் அந்த நடுநாற்காலி வழியாகத்தான் நடந்தது.

அப்பேர்ப்பட்ட நெட்டை, தலை நரைத்த வயதில் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அறிவித்தான். மணப்பெண் ஒரு பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலையில் இருந்தவள். புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் தூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், இவனும் அங்கேயே போகிறான், இனி ஜாகை அங்கேதான். பல்செட்டுக்காரரின் மனைவி இதைக் கேட்டதும் நெடுநேரம் அவனையே பார்த்தாள்.

"எங்களைப் பார்த்த பிறகுமாண்ணே?" என்று கேட்டாள்.

பல்செட்டுக்காரர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொண்ட கடைசி நகைச்சுவை அது.

ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், நெட்டை அச்சுப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றான். விஷயம் பல்செட்டுக்காரரின் மனைவியைப் பற்றியது. அவள் வேலை பார்த்தது குடிநீர் அலுவலகத்தில், புகார் மேசையில். ஊரில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையோ, யார் வீட்டில் கலங்கி வருகிறதோ அவர்களெல்லாம் வந்து அவள் எதிரில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போவார்கள். அந்த வேலையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஆனால் வேறு ஊரில், இரண்டு வருடம், தங்குவதற்கு அலுவலகமே அறை கொடுக்கிறது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். போகலாம் என்று நினைக்கிறாள். தனியாக. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லும்படி தங்கச்சி தன்னைக் கேட்டாள், தான் முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான் நெட்டை.

"இந்தச் சுமையை மட்டும் நான் தூக்க மாட்டேன் மாப்பிள்ளை. நான் ஞாயித்துக்கிழமை வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன், சாயங்காலம் பஸ் ஏறுவேன். இதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

சொல்ல மாட்டேன் என்று சொல்வதற்காக ஒருவன் முழு விஷயத்தையும் சொல்லிவிட்ட அதிசயத்தைப் பல்செட்டுக்காரர் கவனிக்கும் நிலையில் இல்லை. கையில் இருந்த மெழுகு ஆறிக் கெட்டியாகிவிட்டிருந்தது. அன்று அவர் பதித்த முன்பல்வரிசை கோணி, மறுநாள் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

வியாழன், வெள்ளி, சனி என்று வீட்டில் இருவருக்கும் விஷயம் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கலாம். நெட்டையை அவளும் அறிவாள் அல்லவா. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய விஷயம். வார நாளில் அதை எடுப்பது முறையில்லை. எனவே சாவி எங்கே, தண்ணீர் வந்ததா. அவள் சாப்பிடும்போது அவள் தாடையை அவர் பார்த்தார். கோபத்தையோ துக்கத்தையோ அடக்குகிறவர்களுக்குக் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு சதை துடிக்கும். அது துடித்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர் படித்த படிப்பில் இல்லை.

ஞாயிறு காலை நெட்டை வந்தான். ஒரு பெட்டி, ஒரு தோள்பை, புதுச் சட்டை. வழக்கம்போல நிலையில் இடித்துக்கொண்டான். மாலை பஸ்வரை நேரம் கிடக்கிறது, அவசரப்படாமல் இருக்கலாம் என்று நடுநாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தான். உண்மையிலேயே நல்ல ஞாயிறுதான் அது. வெயில் இல்லை, மழையும் இல்லை. ஜன்னல் திரை மெதுவாக உப்பி அடங்கியது. மாடிவீட்டில் யாரோ ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி, முட்டை, இரண்டு சுற்றுத் தேநீர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வயிறெரியும் அளவுக்கு அமைதியான குடும்பம்.

"மச்சான்," என்றார் பல்செட்டுக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆபீஸ்ல ஏதாவது விசேஷமான்னு கேளு."

நெட்டை ரொட்டியை மென்றான். கேட்கவில்லை.

வார்த்தை நடுநாற்காலிவரை போய், அங்கே வாங்குவார் இல்லாமல், தரையில் விழுந்தது. அவள் எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரம் கழித்து சமையலறையிலிருந்து, "அண்ணே, அவருக்கு இன்னொரு தேநீர் வேணுமான்னு கேளுங்க" என்று குரல் வந்தது. நெட்டை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். பல்செட்டுக்காரருக்குத் தேநீர் வேண்டியிருந்தது. ஆனால் கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இவன் வேலைநிறுத்தம் செய்கிறான் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பிறகு மூன்று பேரும் சீட்டு விளையாடினார்கள். சீட்டாட்டத்தில் பேச்சு தேவையில்லை என்பதால் அது வெகுநேரம் நடந்தது. யாரும் ஜெயிக்க அக்கறை காட்டாததால் நெட்டை ஜெயித்துக்கொண்டே இருந்தான். நடுநடுவே அவன் தன் வருங்கால மனைவியின் பெருமைகளைச் சொன்னான். அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாளாம். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்பாளாம். இவன் சட்டையைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நடக்காதே என்றாளாம். அதனால்தான் புதுச் சட்டை. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துப் பல்செட்டுக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. திட்டு வாங்கியதற்கு இவ்வளவு இளிப்பா என்று நினைத்தார். கீழ்வரிசையில் இவனுக்கு ஒரு பல் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நெட்டை சொன்ன எதற்கோ சிரித்தாள். அவர் பக்கம் பார்வை வந்ததும் கை தானாக வாய்க்குப் போயிற்று.

மதியம் மீனும் சோறும். உண்ட களைப்பில் நெட்டை நடுநாற்காலியிலேயே தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிப்போனான். ஊரைவிட்டுப் போகிறவன் இப்படித் தூங்குவானா என்று கேட்கத்தோன்றும். மனதில் கள்ளம் இல்லாதவன் தூங்குவான். வாய் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. மாடிவீட்டுப் பாட்டும் நின்றுவிட்டது. இரு பக்கமும் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஏறிவிட்டால் இந்த நாற்காலியும் காலி. இதை விட்டால் வேளை இல்லை என்று பல்செட்டுக்காரருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தத் தம்பதியால் மட்டுமே செய்ய முடிந்த காரியத்தை அவர்கள் செய்தார்கள். தூங்குகிறவன் வழியாகப் பேசத் தொடங்கினார்கள்.

"மச்சான்," என்றார் அவர் மெல்ல, நெட்டையின் திறந்த வாயைப் பார்த்து. "வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்காமே."

அவள் நெட்டையின் காதைப் பார்த்தாள். "ஆமான்னு சொல்லுங்கண்ணே. நாளைக்குப் பதில் சொல்லணும்."

"போகணும்னு நினைக்கிறாளான்னு கேளு."

"அவர் என்ன நினைக்கிறார்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க."

நெட்டை ஒரு குறட்டை விட்டான். இருவரும் அதற்கு மரியாதை கொடுத்துக் காத்திருந்தார்கள்.

பல்செட்டுக்காரர் என்ன நினைத்தார் என்றால், அவள் போகக்கூடாது என்று நினைத்தார். புதன்கிழமையிலிருந்து அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. காலையில் கண் விழித்தால் பக்கத்தில் போர்வை மடித்திருக்கும், சமையலறையில் சத்தம் இருக்காது, சாவி எங்கே என்று கேட்க ஆள் இருக்காது, கேட்காமலே சாவி இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் அவர் வாயில் என்ன வந்தது தெரியுமா? இத்தனை வருடமும் இந்த மாதிரி வேளைகளில் வழக்கமாக வந்ததே வந்தது.

"எனக்கென்ன மச்சான், அவ இஷ்டம். எது வசதியோ அப்படிச் செய்யட்டும்."

"சரின்னு சொல்லிடுங்கண்ணே" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது.

நெட்டை விழித்து முகம் கழுவப் போனபோது பல்செட்டுக்காரர் பின்னாலேயே போய், துணி காயப்போடும் பின்கட்டில் வைத்து அவனிடம் நடந்ததைச் சொன்னார். எல்லாம் நீ தூங்கும்போதே பேசி முடித்துவிட்டோம், நீ சொன்னபடியே நாங்களே பேசிக்கொண்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். பேசி முடித்தபிறகு அவள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியவில்லை.

நெட்டை துண்டை முகத்திலிருந்து எடுத்தான். "என்ன சொன்ன? அதே வார்த்தையா சொல்லு."

அவர் சொன்னார்.

"அட பாவி. அப்படியேவா சொன்ன?"

"எப்பவும் அப்படித்தானே சொல்வேன்."

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ. நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று நெட்டை அன்று வெளியிட்ட தகவல்கள் பல்செட்டுக்காரரைத் தூக்கிவாரிப் போட்டன. அவர் 'அவ இஷ்டம்' என்றால், 'அவனுக்கு மனசில்லை தங்கச்சி, வாய்தான் வரமாட்டேங்குது' என்று அவன் சொல்வானாம். அவர் 'கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன்' என்று முறைத்தால், 'நீ களைப்பா இருக்கியாம், அடுப்பு பக்கம் போகவேணாம்னான்' என்று சொல்வானாம். அவள் 'எனக்கென்ன' என்றால் அவரிடம் வந்து, 'மாப்பிள்ளை, அழுதுட்டா, இன்னிக்கு வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போ' என்பானாம். வெளிர்பச்சையை அவளும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லையாம். அது நெட்டைக்குப் பிடித்த நிறமாம். பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒன்றும் சேர்க்கவில்லை, அன்றைக்கு இரண்டு பேரும் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன், அதற்கப்புறம் எனக்குத்தான் நாலு நாள் சோறு இறங்கவில்லை என்றான்.

இத்தனை காலமும் தம் குடும்பம் போலிப் பத்திரத்தின்மேல் நடந்திருக்கிறது என்ற உண்மையைப் பல்செட்டுக்காரர் ஜீரணிக்க முயன்றார். "நான் சொல்லாததை நீ ஏன்டா சொன்ன?" என்றார். கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் பயம்.

"நீ சொன்னதைச் சொல்லியிருந்தா அவ எப்பவோ போயிருப்பா."

"அப்ப இப்ப போய்ச் சொல்லு. எனக்கு மனசில்லைன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை."

நெட்டை அவரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, சோப்புத்தண்ணீராகவும் இருக்கலாம். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்பிள்ளை" என்றான்.

பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். நெட்டை நடுவில். தோள்பையை அவரும், தண்ணீர்ப் புட்டியை அவளும் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு மாலைக்கே உரிய விதத்தில் தெரு சோம்பிக் கிடந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. வழிநெடுக நெட்டை மட்டும் பேசிக்கொண்டு வந்தான். அந்த ஊரில் இனிமேல் பல் ஆடினால் யாரிடம் போவது என்று கேட்டான். கீழ்வரிசையில் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது என்று பல்செட்டுக்காரர் சொல்ல நினைத்து, ஊருக்குப் போகும் வேளையில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே தொழில்ரீதியாக வாயை அடக்கியது அப்போதுதான்.

பஸ் புறப்படும் முன் அவள் நெட்டையிடம் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். அழுகையோடு கலந்த சிரிப்பு. அவள் கை வாய்க்குப் போகவில்லை. திரும்பியிருந்த அந்த இரண்டாவது பல்லை அவர் வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தார். அது அப்படியேதான் இருந்தது. யாரும் அதைச் சரிபண்ணவில்லை. பண்ண வேண்டியதாகவும் தெரியவில்லை. நெட்டை அவர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு, குனிந்து, பஸ் வாசலில் இடித்துக்கொண்டு ஏறினான்.

திரும்பி வரும்போது இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் அந்த இடைவெளியில் புகுந்து போனார்கள். பூட்டியிருந்த ஒரு செருப்புக்கடை வாசலில் பல்செட்டுக்காரர் நின்றார்.

"போகாத" என்றார். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவள் முதலில் பக்கத்தில் பார்த்தாள். பிறகு பின்னால். "யார்கிட்ட சொல்றீங்க?"

"உன்கிட்டதான்."

"மத்தியானம் என் இஷ்டம்னீங்க."

"அது அந்த அர்த்தத்துல இல்ல."

"வேற எந்த அர்த்தத்துல?"

அவர் வாயைத் திறந்தார். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத வாய் எவ்வளவு வெறுமையானது என்று தெரிந்தது. ஏன் போகக்கூடாது என்று கேட்டாள். வீடு இருக்கிறது என்றார். வீடு எங்கே போகப்போகிறது என்றாள். சாவி என்று ஆரம்பித்தார். உங்களிடம் ஒரு சாவி இருக்கிறதே என்றாள். கடைசியில், "பழகிப்போச்சு" என்றார். தாம் சொல்ல நினைத்த பெரிய விஷயம் அந்தச் சின்ன வார்த்தைக்குள் எங்கேயோ இருப்பதாக அவருக்கு உறுதியாகத் தோன்றியது. அவளுக்கு அது தெரியவில்லை. காதுக்குக் கீழே சதை துடித்தது.

பிறகு அவள் பேசினாள். தெருவில் நின்று, போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்க, அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். முதல் வருடத்துப் பல் வந்தது. அன்றைக்கு மூடிய வாய் என்றாள். அது தொழில் கண், வேண்டுமென்று சொன்னதில்லை என்றார் அவர். தொழில் கண்ணைத் தொழில் பண்ணுகிற இடத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவதற்கென்ன என்றாள். நீ மட்டும் என்னிடம் என்ன பேசினாய் என்று அவரும் குரல் உயர்த்தினார். இரண்டு பேரும் மோசமாகச் சண்டை போட்டார்கள். பழக்கம் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. தேய்க்காமல் அப்படியே வைத்த பல்செட் மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் ஈறில் குத்தியது.

"நாள் முழுக்க யார் யாரோ வந்து என்கிட்ட கத்தறாங்க," என்றாள் அவள், குரல் தணிந்து. "பேர்கூடத் தெரியாது. அவன் வீட்டுக் குழாய்ல தண்ணி வரலன்னா என் மூஞ்சியப் பார்த்துச் சொல்றான். வீட்டுக்கு வந்தா நீங்க அண்ணனைப் பார்த்துச் சொல்றீங்க."

"நீயும்தானே அவனைப் பார்த்துச் சொன்ன."

"ஆமா," என்றாள். "அதான் போறேன்."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

கூடத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். செருப்பைக்கூட யாரும் கழற்றவில்லை. அப்போது அவர் தொலைபேசி அடித்தது. நெட்டை. பஸ் இரைச்சலுக்கு நடுவே, என்ன ஆயிற்று மாப்பிள்ளை என்று கேட்டான். போகிறாள் என்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டான்.

பல்செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்களுக்குள்ள, மச்சான்" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் மட்டும் ஓடியது. பிறகு இணைப்பு அறுந்தது.

"இப்படியா பேசுறது அண்ணன்கிட்ட?" என்றாள் அவள்.

"நீதானே நேரா பேசணும்னு..."

"அதுக்காக அவரைத் தூக்கி எறிஞ்சு பேசச் சொன்னேனா? கூப்பிடுங்க."

கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சிக்னல் இல்லையோ என்னவோ, போகவே இல்லை. கோபித்துக்கொண்டானா, சந்தோஷப்பட்டானா, பஸ்ஸில் தூங்கிப்போனானா? ஒருவன் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டுக்குச் சொல்லிவந்தவன் அவன் ஒருவன்தான். இருவரும் ஆளுக்கொன்று ஊகித்தார்கள். ஊகங்கள் ஒத்துப்போகவில்லை.

சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"எங்க?"

"நான் போற ஊருக்கு. காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள வந்துடலாம்."

"வந்து?"

"வந்து உட்காருங்க. பேசுங்க. தனியா வாங்க, துணைக்கு யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

ஒரு முழுப் பகல், ஓர் அறை, இரண்டு நாற்காலி. பல்செட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார். இஷ்டம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார்.

"எனக்குப் பிடிக்கல" என்றார்.

"வர்றதா?"

"நீ போறது. வருவேன். ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல. கொஞ்சங்கூடப் பிடிக்கல."

"இதை மத்தியானமே சொல்லியிருக்கலாம்ல?"

"மச்சான் தூங்கிட்டிருந்தானே" என்றார் அவர், முழு நேர்மையோடு.

அவள் முகம் இருட்டில் தெரியவில்லை. தாடை துடித்ததா, உதடு அசைந்ததா என்று அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள், நாளைக்குப் போகிறேன் என்றுதான் ஆபீசில் சொல்லப்போகிறேன் என்றாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அது நடுநாற்காலியில் இடித்தது.

"விளக்கைப் போடுங்க" என்றாள் அவள்.

போட்டார்.